சமையலறையில் ஒரு கரிக்கோடு

அத்தியாயம் 9

யோதாம் பெக்வித் நவம்பர் மாதம் ஆப்பிள் பிழியும் செக்கடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், பிறகு எழுந்திருக்கவில்லை. உயிலில் அவர் எழுதியிருந்தது நாலே வரி. பண்ணை, மகன் ஆசகேலுக்கு. மகள் ருகாமாவுக்கு இரண்டு பசுக்களும், அவளே நெய்துவைத்த துணிகளும். மனைவி கெசியாவுக்கு வீட்டிலும் நிலத்திலும் மூன்றில் ஒரு பாகம், அவள் உயிரோடு இருக்கும்வரை அனுபவித்துக்கொள்ள.

எந்த மூன்றில் ஒன்று என்று அவர் எழுதவில்லை. குளிர்காலம் முழுவதும் அந்த வீட்டில் நடந்த சண்டைக்கெல்லாம் அதுதான் காரணம்.

மார்ச் கடைசி வாரம், செவ்வாய்க்கிழமை காலை, சபை மூப்பர் அமாசா இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். கோர்ட்டு நியமித்த ஆட்கள். கையில் அளவுகோல், சங்கிலி, மைக்கூடு.

மூன்று பேருமே பக்கத்துப் பண்ணைக்காரர்கள். ஜூலையில் பெக்வித் புல்வெளியில் அரிவாள் பிடிக்க வருகிறவர்கள். பதிலுக்கு ஆசகேல் அவர்கள் நிலத்தில் தன் எருதுகளைக் கட்டி உழுது கொடுப்பான். எங்கள் மலையில் கூலி என்ற பேச்சே அபூர்வம், உழைப்புக்கு உழைப்புதான். அப்படிப்பட்டவர்கள் ஒரு குடும்பத்தைப் பங்கு பிரிக்க வந்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நிற்பார்கள். வாசலில் அப்படித்தான் நின்றார்கள்.

"பூட்ஸ் சேத்தைத் தட்டிட்டு உள்ள வாங்க," என்றாள் கெசியா. "யாரு பாகத்துக்குப் போகப்போகுதோ தெரியாது. தரையை இன்னிக்குத் தேய்ச்சது நான்தான்."

மூப்பர் சிரித்தார். அடுப்படியில் நின்ற பெர்சிஸ் சிரிக்கவில்லை.

பெர்சிஸ் ஆசகேலின் மனைவி. இருபத்துநாலு வயது. இரண்டு பிள்ளைகள், மூன்றாவது ஏழு மாதமாக வயிற்றில். அந்த வீட்டுக்கு வந்து ஐந்து வருஷமாகியும், மாவு பிசையும் தொட்டி எங்கே இருக்க வேண்டும் என்பதில்கூட அவளுக்கும் மாமியாருக்கும் ஒத்துப்போனதில்லை.

கெசியா உண்மையில் ஆசகேலைப் பெற்றவள் இல்லை. யோதாமின் இரண்டாவது மனைவி. பதினெட்டு வருஷத்துக்கு முன் அவள் இந்த வீட்டு வாசலில் வந்து இறங்கியபோது ஆசகேலுக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து அவளை 'சித்தி' என்றுதான் கூப்பிடுகிறான். அவளும் அதை மாற்றச் சொன்னதில்லை. அவளுக்கு இப்போது நாற்பத்தொன்று. அவள் செய்கிற பாலாடைக்கட்டி ஆற்று வழியாகக் கீழே பட்டணம்வரை போகிறது. அந்த வீட்டு உப்பு, தேயிலை, ஊசி, இரும்புக் கொப்பரை எல்லாம் அந்தப் பாலாடைக்கட்டிக்குப் பதிலாகக் கடைக்காரர் கொடுத்தவை.

"எங்கேர்ந்து ஆரம்பிக்கலாம்?" என்றார் மூப்பர்.

"அத்தைக்கு மாடி குடுங்க, கிழக்கு ரூம் குடுங்க, எனக்கு ஒண்ணும் இல்ல," என்றாள் பெர்சிஸ். "அடுப்பு மட்டும் எங்க பக்கம் இருக்கணும். ரெண்டு பிள்ளைங்க, மூணாவது வயித்துல. ரொட்டி சுட நான் யார்கிட்டப் போய் உத்தரவு கேக்குறது?"

"கேட்டா மாட்டேன்னா சொல்லப்போறேன்?" என்றாள் கெசியா.

"கேக்கணும்ல, அத்தை. அதைத்தான் சொல்றேன்."

மூப்பர் புகைக்கூண்டை அண்ணாந்து பார்த்தார். வீட்டின் நடுவில் ஒரே புகைக்கூண்டு, அதன் அடியில் ஒரே ரொட்டி அடுப்பு. "நிலத்தை எத்தனை துண்டு வேணா போடலாம்மா. அடுப்பைத் துண்டு போட முடியாது. நான் போன வீட்டுல எல்லாம் கடைசியில இங்கதான் வந்து நிக்குது."

"வாரத்துல நாலு நாள் எனக்கு, ரெண்டு நாள் அவங்களுக்கு," என்றாள் பெர்சிஸ்.

"ஞாயித்துக்கிழமை?" என்று கூட வந்தவர்களில் ஒருவர் கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை கர்த்தருக்கு," என்றார் மூப்பர். "நீ சங்கிலியைப் பிடி."

ஆசகேல் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தான். நெட்டையான ஆள், சுபாவத்திலேயே பேச்சுக் குறைவு. அன்று ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. இரண்டு பெண்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ஆண்பிள்ளையின் தர்மசங்கடம் என்று மூப்பர் அதை எடுத்துக்கொண்டார்.

*

வீட்டுக்கு மேலே, அரை மைல் ஏறினால் மேப்பிள் தோப்பு. இரவில் உறைந்து பகலில் இளகுகிற அந்த இரண்டு மூன்று வாரம்தான் மரங்களில் சாறு இறங்கும். கோர்ட்டு ஆட்கள் வருகிறார்கள் என்று அது காத்திருக்காது. அதனால் பதினேழு வயது ருகாமா விடியற்காலையிலிருந்து தோப்பில் தனியாகக் கொப்பரையில் அந்தச் சாற்றைப் பாகாகக் காய்ச்சிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் புகை. பாவாடை ஓரத்தில் சாம்பல்.

பதினொரு மணி இருக்கும். மலைப்பாதை வழியாக ஒருவர் குதிரையில் வந்தார். நல்ல கம்பளிக் கோட்டு. எங்கள் பக்கத்து ஆள் இல்லை.

"பெக்வித் பண்ணைதானே இது?"

"ஆமா."

"ஆசகேல் இருக்காரா? ஸ்டெபின்ஸ் வந்திருக்கேன்னு சொன்னா அவருக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியாதே."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீ இங்க வேலைக்கு இருக்கியா?"

"பார்த்தா எப்படித் தெரியுது? வேலைதான் செஞ்சுக்கிட்டிருக்கேன்."

ஸ்டெபின்ஸ் சிரித்துக்கொண்டே குதிரையிலிருந்து இறங்கினார். கொப்பரையை எட்டிப் பார்த்தார். ஒரு மரக்கரண்டியில் பாகு எடுத்து ஊதிக் குடித்தார். "அருமையான பாகு. அடுத்த வருஷம் இது நம்ம பாகு. உனக்கும் வேற இடம் பார்க்க வேண்டியிருக்கும்மா. மே மாசம் பண்ணை கைமாறுது."

ருகாமா அகப்பையை நிறுத்தவில்லை. "எந்தப் பண்ணை?"

"இதுதான். பிப்ரவரியிலயே பேசி முடிச்சாச்சு. உங்க எஜமான் மேற்கே புது நிலம் தேடி ஜெனசீ பக்கம் போறார். அங்க மண்ணு வெண்ணெய் மாதிரி இருக்காம், கலப்பையை வச்சா தானா இறங்குதாம். எல்லாரும்தான் போறாங்க." அவர் இன்னொரு கரண்டி எடுத்தார். "விதவைப் பாகம் எந்தப் பக்கம் விழுதுன்னு பார்க்கத்தான் இன்னிக்கு வந்தேன். கிழவி எங்க உக்காரப்போறான்னு தெரிஞ்சாத்தானே மேற்கொண்டு பேச முடியும்."

"கிழவிக்கு நாப்பத்தொண்ணு வயசு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அவங்க வயித்துலதான் நான் பொறந்தேன்."

ஸ்டெபின்ஸ் கரண்டியைக் கீழே வைத்தார். முகம் சிவந்துபோயிற்று.

ருகாமா அகப்பையை அவர் கையில் திணித்தாள்.

"நிறுத்தாம கிண்டுங்க. நுரை பொங்கினா அந்தப் பன்னிக்கொழுப்புத் துண்டை உள்ள காட்டுங்க, அடங்கிடும். அடிபிடிக்க விட்டீங்க, எண்பது மரத்துச் சாறு போச்சு."

"நானா? ஏம்மா, எங்க போற?"

"கீழ. மே மாசம் வரைக்கும் இது எங்க பண்ணை. கிண்டுங்க."

அவள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சரிவில் இறங்கி ஓடினாள். நிழலில் இன்னும் பனி முழங்கால் அளவு கிடந்தது. இரண்டு இடத்தில் விழுந்தாள்.

*

நிலத்தை அளந்துவிட்டு மூப்பர் திரும்பி வந்திருந்தார். அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து, குனிந்து, சமையலறைத் தரையில் கோடு போட்டார். புகைக்கூண்டின் நடுவிலிருந்து வடக்குக் கதவுவரை நேர்க்கோடு. எழுந்தபோது முட்டி மளுக்கென்றது.

"கோட்டுக்குக் கிழக்கே கெசியாம்மாவுக்கு," என்று தாளைப் படித்தார். "மாடியில கிழக்கு ரூம். நிலவறையில பாதி. அடுப்புல வாரத்துக்கு ரெண்டு நாள். வெளிய, ஓடைப் புல்வெளி முழுசும், ஆப்பிள் மரம் இருபது, களஞ்சியத்துல கிழக்குப் பக்கம். கிணத்துக்குப் போகவர வழி. சம்மதமாம்மா?"

"பால் அறை?"

"அது கோட்டுக்கு மேற்கே விழுது."

"பால் அறை இல்லாம பாலாடைக்கட்டி எங்க வைக்கிறது? தலையிலயா?"

"அத்தை கேட்டா நான் விடமாட்டேனா?" என்றாள் பெர்சிஸ். மாமியாருடைய வார்த்தையையே திருப்பிக் கொடுப்பதில் அவளுக்கு ஒரு திருப்தி.

கெசியா பேனாவை எடுத்து மையில் தொட்டாள். அப்போதுதான் கதவு திறந்தது.

"கையெழுத்துப் போடாதீங்கம்மா."

ருகாமாவுக்கு மூச்சு வாங்கியது. எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவள் அண்ணனைப் பார்த்தாள்.

"அண்ணன் பண்ணையை வித்துட்டாரு. வாங்கினவர் மேல தோப்புல நிக்கிறார். மே மாசம் கைமாறுதாம். இவங்க ஜெனசீக்குப் போறாங்களாம்."

முதலில் பெர்சிஸ்தான் சிரித்தாள். "என்ன உளறல் இது? புகை தலைக்கு ஏறிடுச்சா?" என்று புருஷன் பக்கம் திரும்பினாள். ஆசகேல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சிரிப்பு நின்றது.

"ஏங்க?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பினான்.

"ஏங்க, உங்களைத்தான்."

"பிப்ரவரியில பேசினேன்," என்றான் ஆசகேல். "சமயம் பார்த்துச் சொல்லலாம்னு..."

"காலையிலேர்ந்து அரை அடுப்புக்காக நான் இவங்ககூட மல்லுக்கு நிக்கிறேன். மூணு ஆம்பளைங்க முன்னால. ஜன்னல்கிட்ட நின்னு பார்த்துக்கிட்டே இருந்தீங்களே! உங்களுக்கு ஒரு வார்த்தை வரல?"

பக்கத்தில் இருந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். அந்த நாற்காலி கோட்டின் மேலே கிடந்தது. இரண்டு கால் மாமியார் பக்கம், இரண்டு கால் அவள் பக்கம்.

மூப்பர் மைக்கூட்டை மூடினார். கூட வந்த இருவரும் கூரையைப் பார்த்தார்கள்.

"உண்மைதானா, ஆசகேல்?" என்று கேட்டாள் கெசியா. குரல் உயரவில்லை.

"நிலம் செத்துப்போச்சு, சித்தி." ஒருமுறை ஆரம்பித்த பிறகு அவனுக்கு வார்த்தை வந்தது. "அப்பா முதல்ல சோளம் போட்டப்ப பத்து மூட்டை வந்த இடத்துல போன வருஷம் நாலு மூட்டை. வருஷா வருஷம் பனி உருகினா நிலத்துல மொளைக்கிறது கல்லுதான். அதைப் பொறுக்கி வேலி கட்டியே எனக்கு முதுகு போச்சு. மூணு பிள்ளைங்களுக்கு இதை எப்படிப் பிரிச்சுக் குடுப்பேன்? இப்பவே கரியை வச்சுத் தரையில கோடு போடுறோம்."

"அதெல்லாம் சரி. எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க என்ன செய்வீங்கன்னு தெரியும்."

"என்ன செய்வேன்?"

"ஒண்ணும் சொல்லமாட்டீங்க. பால் அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்குவீங்க. சின்ன வயசுலேர்ந்து எனக்கு அதுதான் பயம்."

கெசியா பேனாவைக் கீழே வைத்தாள். அவன் சொன்னது பொய்யில்லை என்று அவளுக்கே தெரியும்.

"உங்களை விட்டுட்டுப் போறேன்னு நான் சொல்லவே இல்லையே, சித்தி. நீங்களும் ருகாமாவும் எங்ககூட வரலாம். வண்டியில இடம் இருக்கு."

"வந்து?"

"வந்து... இருக்கலாம். எங்ககூட."

"இங்க எனக்கு மூணுல ஒண்ணுன்னு எழுதியிருக்கு. அங்க உன் வீட்டுல எனக்கு எவ்வளவு?"

ஆசகேல் மூப்பர் பக்கம் பார்த்தான்.

"பதில் சொல்ல வேண்டாம். நீ என்னைப் பட்டினி போடமாட்ட, எனக்குத் தெரியும். அது உன் நல்ல மனசு. நல்ல மனசுல யாரும் கோடு போட்டு எழுதிக் குடுக்க முடியாது, பாரு." அவள் மூப்பர் பக்கம் திரும்பினாள். "தாள்ல இன்னும் கையெழுத்து விழலையே?"

"இல்லம்மா. இது வெறும் கரிதானே."

"அப்ப அழிங்க. வேற போடலாம்."

மூப்பர் கரித்துண்டைக் கையிலேயே வைத்திருந்தார். "சொல்லுங்க."

"ஓடைப் புல்வெளி வேண்டாம். ஆப்பிள் மரம் வேண்டாம். களஞ்சியம், மாடி, எதுவும் வேண்டாம். என் மாடுங்க மேயறதுக்குத் தெற்கு மேட்டுல ஆறு ஏக்கர். அது போதும். வீட்டுல இந்தச் சமையலறை முழுசா வேணும். அடுப்பு, பால் அறை, நிலவறை, கிணறு, கிணத்துலேர்ந்து ரோட்டுக்குப் போற வழி. மதிப்பு மூணுல ஒண்ணைத் தாண்டுதா பாருங்க."

மூன்று பேரும் தலையைச் சேர்த்துக் கிசுகிசுத்தார்கள். ஒருவர் விரலை மடக்கிப் பார்த்தார்.

"தாண்டல," என்றார் மூப்பர். "சொல்லப்போனா உங்களுக்குக் கொஞ்சம் நஷ்டம்தான். ஓடைப் புல்வெளி நல்ல புல்வெளி."

ஆசகேலுக்கு அப்போதுதான் விளங்கியது. "சித்தி, சமையலறை இல்லாத வீட்டை எவன் வாங்குவான்? கிணறும் இல்லாம?"

"அதை வாங்குறவன்தான் யோசிக்கணும்."

"என்னை இங்கயே கட்டிப் போடுறீங்க."

"நான் எங்கப்பா கட்டினேன்? உன் கால் உன்கிட்டதான் இருக்கு. நான் என் பாகத்துல உக்காருறேன்."

மூப்பர் தொண்டையைச் செருமிக்கொண்டு பெர்சிஸிடம் போனார். "உனக்கும் புரியணும்மா. அடுப்பு இனிமே முழுக்க அவங்களுது. ரெண்டு நாள், நாலு நாள்ங்கிற பேச்செல்லாம் கிடையாது. நாளைக்கு வந்து எங்கிட்ட அழக்கூடாது."

பெர்சிஸ் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போன வருஷம் ஜெனசீக்குப் போன அவள் அக்கா, அங்கே குளிர்காய்ச்சலில் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டுக் கடிதம் எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்தை ஆசகேலும் படித்திருந்தான்.

"எழுதுங்க," என்றாள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா."

"எழுதுங்க, மூப்பரே. நான் அவங்களைக் கேட்டே சுட்டுக்குறேன்."

கெசியா மருமகளைப் பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். மூப்பர் போட்டார். மற்ற இருவரும் போட்டார்கள். கரிக்கோட்டை ருகாமா ஈரத்துணியால் துடைத்தாள், பாதிதான் போயிற்று.

*

ஸ்டெபின்ஸ் கோட்டைக் கழற்றிக் கிளையில் மாட்டியிருந்தார். நெற்றியில் வேர்வை. ஆசகேலும் ருகாமாவும் தோப்புக்கு ஏறி வந்தபோது அகப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் கிண்டிக்கொண்டிருந்தார்.

"அடிபிடிக்கல," என்றார் ருகாமாவிடம். "ரெண்டு தரம் பொங்குச்சு. கொழுப்பைக் காட்டினேன், அடங்கிடுச்சு." அதில் அவருக்குப் பெருமைதான்.

ருகாமா அகப்பையை வாங்கிக்கொண்டாள். பாகு கெட்டிப்பட ஆரம்பித்திருந்தது.

ஆசகேல் நேராகவே சொன்னான். "ஐயா, நம்ம பேச்சு நடக்காது போலிருக்கு. சித்தி சமையலறையை முழுசா எடுத்துக்கிட்டாங்க. அடுப்பு, கிணறு, பால் அறை எல்லாம் அவங்களுக்கு. கையெழுத்தும் ஆயிடுச்சு. மீதி இருக்கிறது நாலு சுவரும் மாடியும்தான்."

திட்டு விழும் என்று எதிர்பார்த்து நின்றான்.

"நிலம்?" என்று கேட்டார் ஸ்டெபின்ஸ்.

"தெற்கு மேட்டுல ஆறு ஏக்கர் அவங்களுக்கு. மீதி என்னுது."

"ஓடை?"

"ஓடையும் என் பக்கம்தான்."

ஸ்டெபின்ஸ் குனிந்து பனியை அள்ளிக் கை கழுவிக்கொண்டார். நிதானமாகக் கோட்டை எடுத்து மாட்டினார்.

"வீட்டை யார் கேட்டா?" என்றார். "புல்வெளியோட கீழ்க்கோடியில அந்த ஓடை இருபதடி விழுது பாருங்க, எனக்கு அதுதான் வேணும். மரம் அறுக்கிற ஆலை போடப்போறேன். விதவைப் பாகம் அதுமேல வந்து விழுந்துட்டா அவங்க காலம் முடியற வரைக்கும் நான் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும். அந்தப் பயத்துலதான் இவ்வளவு தூரம் வந்தேன்." குதிரையில் ஏறிக்கொண்டார். "சனிக்கிழமை பத்திரத்தோட வர்றேன். வீட்டுல ஆலையாள் ரெண்டு பேர் படுத்துக்கிட்டாப் போதும், சமையலறையில அந்தம்மா தாராளமா இருக்கட்டும். உங்க சித்திக்கு என் நன்றியைச் சொல்லுங்க."

குதிரை மலைப்பாதையில் திரும்பி மறைந்தது.

ருகாமா கிண்டிக்கொண்டே இருந்தாள். அவள் கீழே ஓடியிருக்காவிட்டால் அம்மா முதல் தாளில் கையெழுத்துப் போட்டிருப்பாள். ஓடைப் புல்வெளி அம்மாவுடையதாக இருந்திருக்கும். இந்த மனிதருக்குச் சனிக்கிழமை வரவேண்டிய வேலையே இருந்திருக்காது. அவள் விழுந்து எழுந்து ஓடியதெல்லாம் இவருக்குச் சாதகமாகத்தான் ஆயிற்று.

ஆசகேல் ஒரு அடிமரத்தின் மேல் உட்கார்ந்தான்.

"கீழ யாருக்கும் இது தெரியாது," என்றான்.

"தெரியாது."

"வித்தது முறிஞ்சுபோச்சுன்னுதான் நினைச்சுக்கிட்டிருப்பாங்க."

"ஆமா."

"நீ போய்ச் சொல்லப்போறியா?"

"இல்ல, அண்ணே. இன்னிக்கு ஒரு தடவை ஓடினது போதும். பாகு வேற பதம் வர்ற நேரம்." அவள் அகப்பையைத் தூக்கிப் பார்த்தாள். பாகு நூலாக இறங்கியது. "சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்."

அவன் பூட்ஸால் பனியைக் கிளறினான். சனிக்கிழமைக்கு நாலு நாள்தான். நாலு நாள் சும்மா இருந்தால் போதும்; சும்மா இருப்பது அவனுக்குப் பழகிய வேலை. ஜெனசீயின் கறுப்பு மண்ணைப் பற்றி அவன் குளிர்காலம் முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தான். அது கண்ணுக்குள்ளேயே நின்றது.

ருகாமா பாகை மர அச்சுகளில் ஊற்ற ஆரம்பித்தாள். முதல் அச்சு நிறைவதற்குள் அவன் எழுந்து கீழே நடந்தான்.

*

மூப்பரும் மற்றவர்களும் போயிருந்தார்கள். பெர்சிஸும் கெசியாவும் மேஜையின் ஒரே பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு கோப்பையில் தேநீர். அந்த வீட்டில் தேயிலையை எடுப்பது விருந்தாளிக்கும் நோயாளிக்கும் மட்டும்தான்.

ஆசகேல் தொப்பியைக் கழற்றாமலே நின்றான்.

"அவருக்கு வீடு வேண்டாமாம், சித்தி. ஓடைதான் வேணுமாம். ஆலை போடுறாராம். ஓடை இப்ப என் பாகத்துல இருக்கு. சனிக்கிழமை பத்திரம் எடுத்துக்கிட்டு வர்றார். நான் கையெழுத்துப் போட்டா உங்களால தடுக்க முடியாது." எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னான். "போன தடவை மறைச்ச மாதிரி இதை மறைக்க வேண்டாம்னு வந்தேன். நான் இன்னும் முடிவு பண்ணல. ஆனா போகணும்னுதான் இருக்கு. அதையும் சொல்லிடறேன்."

சொல்லிவிட்டு மனைவியைப் பார்க்காமல் சித்தியைப் பார்த்தான். பழைய பழக்கம்.

கெசியா கோப்பையைக் கீழே வைத்தாள். காலையில் தன் பெயரில் இருந்த ஓடையை மத்தியானம் தன் வாயாலேயே வேண்டாம் என்று சொன்னவள் அவள். அது அவள் முகத்தில் ஒரு நிமிஷம் தெரிந்தது. பிறகு கால்மாட்டில் கிடந்த முக்காலியை அவன் பக்கம் தள்ளினாள்.

"உக்காரு. வந்து சொன்னியே, அது போதும். மீதியை உன் பொண்டாட்டிகிட்டக் கேளு."

ஆசகேல் உட்கார்ந்தான்.

பெர்சிஸின் கண் வீங்கியிருந்தது. குரலில் அழுகை இல்லை. "நீங்க விக்கிறதுன்னா வித்துக்குங்க," என்றாள். "நிலம் உங்களுது, நான் கையைப் பிடிக்கமாட்டேன். ஜெனசீக்குப் போறதுன்னாலும் போங்க. நான் வரல. பிள்ளைங்களும் வரல. இப்ப அத்தைகிட்டக் கேட்டேன், சரின்னு சொல்லிட்டாங்க."

"என்ன கேட்ட?"

"அவங்க பாகத்துல எனக்கு இடம் இருக்கான்னு கேட்டேன்."